மாற்றுத்திறனாளி அரசு ஊழியர்: அலுவலகத்தில் உரிய வசதியைக் கேட்டுப் பெறுவது எப்படி?

“சார்கிட்ட சொல்லியிருக்கேன், பார்க்கலாம்னு சொன்னார்.” அலுவலகத்தில் ஏதாவது வசதி கேட்ட மாற்றுத்திறனாளி ஊழியர்கள் பலரிடம் விசாரித்தால் கிடைக்கும் பதில் இதுதான். அந்த சார் நல்ல மனுஷராகவே இருக்கலாம். கீழ்த்தளத்தில் ஒரு மேசை போட்டும் கொடுத்திருக்கலாம். ஆனால் அவருக்கு மாறுதல் வந்ததும் புதிதாக வருபவர், “இதற்கு உத்தரவு எங்கே?” என்று கேட்பார். கோப்பில் ஒன்றும் இருக்காது. மேசை மறுபடி மாடிக்குப் போய்விடும்.

ஆகவே கோரிக்கையை எப்படிக் கோப்பில் ஏற்றுவது, ஏறிய கோப்பை எப்படி நகர வைப்பது, நகராவிட்டால் எங்கே போவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தமிழ்நாடு அரசு ஊழியர்களையும், இங்கே பணிபுரியும் மத்திய அரசு ஊழியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். சட்டம் இரு தரப்புக்கும் ஒன்றே. முறையிடும் இடங்கள்தான் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது

கையில் இருக்க வேண்டியது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன, இதில் 21. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிலரோசிஸ், தலசீமியா, ஹீமோபிலியா, மனநோய், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் இப்போது உள்ளே வந்துவிட்டன. தன்னைச் சட்டம் மாற்றுத்திறனாளியாகப் பார்க்கிறது என்பதே தெரியாமல் வேலை பார்ப்பவர்கள் இந்தப் புதிய வகைகளில்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

முழுச் சட்டத்தையும் படிக்க நேரமில்லை என்றால் 20ஆம் பிரிவை மட்டுமாவது அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு நிறுவனம் எதுவும் வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் மாற்றுத்திறனாளியிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது தொடங்குகிறது. அதன் உட்பிரிவு 2, ஒவ்வொரு அரசு நிறுவனமும் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு நியாயமான வசதிகளையும் தடையற்ற சூழலையும் செய்து தர வேண்டும் என்கிறது. “செய்து தரலாம்” என்று இல்லை. ஆங்கிலக் கோப்புகளில் இது ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ என்று வரும். உட்பிரிவு 3, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்கிறது. உட்பிரிவு 4, பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவர்களுக்கானது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

இதோடு பிரிவு 2(எச்) என்ற வரையறையையும் சேர்த்துப் படியுங்கள். நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடுதான் என்று அதில் நேரடியாக எழுதியிருக்கிறது. “நாங்கள் யாரையும் பாகுபடுத்தவில்லையே, எல்லாரையும் போலத்தான் நடத்துகிறோம்” என்று சொல்லும் அலுவலகத்துக்கு இந்த ஒரு வரியே பதில். படியேற முடியாதவரை எல்லாரையும் போல இரண்டாம் மாடிக்கு வரச் சொல்வதுதானே பிரச்சினை!

ஒரு விதிவிலக்கு உண்டு. பணியின் தன்மையைக் கருதி, ஒரு நிறுவனத்துக்கு 20ஆம் பிரிவிலிருந்து அரசு அறிவிக்கை மூலம் விலக்கு தரலாம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் போரிடும் பிரிவுப் பணியாளர்களுக்கு 2021 ஆகஸ்டில் அப்படி விலக்கு வந்தது. அறிவிக்கை இல்லாமல் ஒரு துறைத் தலைவர் தானாகவே “எங்கள் வேலைக்கு இதெல்லாம் பொருந்தாது” என்று முடிவு செய்ய முடியாது.

40 சதவீதம் இருந்தால்தானா?

நிறையப் பேர் இங்கேதான் தயங்கி நிற்கிறார்கள். 40 சதவீதம் என்ற வரம்பு இடஒதுக்கீட்டுக்கும் வேறு சில சலுகைகளுக்கும் வேண்டும். நியாயமான வசதி கேட்க அது நிபந்தனை இல்லை. 20(2)இல் ‘மாற்றுத்திறனாளி ஊழியர்’ என்றுதான் இருக்கிறது, சதவீதம் எதுவும் இல்லை.

2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதும்போது விரல்கள் இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவர், தேர்வெழுத உதவியாளர் கேட்டார். 40 சதவீத வரம்புக்குள் வரவில்லை என்று மறுத்தார்கள். அந்த வரம்பை இதில் நுழைக்கக் கூடாது என்றது நீதிமன்றம். சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற வாதமும் அந்த வழக்கில் வைக்கப்பட்டது, நீதிமன்றம் ஏற்கவில்லை. “உங்களுக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களே” என்று உங்களிடம் சொல்லப்படும்போது இந்தத் தீர்ப்பை நினைவில் வையுங்கள்.

சரி, சான்று வேண்டாமா? வேண்டும். யுடிஐடி எனப்படும் தேசிய அடையாள அட்டையும் அரசு மருத்துவரின் சான்றும் இருந்தால் பேச்சே குறைந்துவிடும். அட்டை இன்னும் வரவில்லை என்றால் விண்ணப்பித்த ஒப்புகையையும் சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதத்தையும் வைத்துக் கோரிக்கையைத் தொடங்கிவிடுங்கள். அட்டைக்காகக் காத்திருந்து ஆறு மாதம் போக்க வேண்டியதில்லை.

முதல் வேலை: எங்கே இடிக்கிறது என்று எழுதிப் பாருங்கள்

மனு எழுத உட்காரும் முன் ஒரு வாரம் கவனியுங்கள். காலையில் அலுவலக வாசலில் இறங்குவது முதல் மாலை கிளம்புவது வரை எந்த இடத்தில் வேலை தடைப்படுகிறது? “எனக்குச் சிரமமாக இருக்கிறது” என்ற வரியை வைத்து எந்த அதிகாரியாலும் உத்தரவு போட முடியாது. எந்தப் பணி, எது தடை, எதைச் செய்தால் தடை நீங்கும் என்ற மூன்றும் இருந்தால் குறிப்பு எழுதும் பிரிவு உதவியாளரே பாதி வேலையை முடித்துவிடுவார்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். பார்வையற்ற அல்லது குறைபார்வை உள்ள ஒருவர் கணினியில் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள் வைத்து வேலை செய்கிறார். என்விடிஏ இலவசம், ஜாஸ் விலைக்குக் கிடைக்கும். மென்பொருளை நிறுவிக் கொடுத்ததும் “வசதி செய்து கொடுத்தாயிற்று” என்று கோப்பை முடித்துவிடுவார்கள். ஆனால் அவர் மேசைக்கு வரும் சுற்றறிக்கைகள் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப்களாக இருக்கும். திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், ஒரு எழுத்தும் வாசிக்காது. அடுத்தது பழைய எழுத்துருக்கள். வானவில், பாமினி போன்றவற்றில் தட்டச்சு செய்த கோப்பு கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். திரைவாசிப்பான் அவற்றை அப்படியே வாசிக்க, காதில் விழுவது எந்த மொழியும் இல்லாத ஒரு சத்தம். ஆக, இவர் கேட்க வேண்டியது மென்பொருள் மட்டுமா? பிரிவுக்கு வரும் கடிதங்களை யூனிகோடில், எழுத்தாகவே உள்ள கோப்பாகத் தர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்குச் செலவு பூஜ்யம். ஒரு அலுவலக ஆணை போதும்.

இதே மாதிரி மற்றவர்களும் தங்கள் வேலையை அலசிப் பார்க்கலாம். காது கேளாதவருக்குத் தொலைபேசிப் பொறுப்பு இல்லாத இருக்கை, ஆய்வுக் கூட்டங்களில் பேசியதன் எழுத்து வடிவம், தேவைப்பட்டால் சைகைமொழிபெயர்ப்பாளர். சக்கர நாற்காலியில் வருபவருக்குக் கீழ்த்தள இருக்கை, முழங்கால் உள்ளே போகும் உயரத்தில் மேசை, உண்மையிலேயே பயன்படும் கழிப்பறை. சாய்தளம் கேட்டால் அளவையும் சேர்த்தே கேளுங்கள். ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம், அதாவது 1:12 சரிவு என்பதுதான் கணக்கு. பெயருக்குக் கட்டிய செங்குத்துச் சாய்தளங்களில் நாற்காலியை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும், இறக்கக் கடவுள் வேண்டும்.

தலசீமியா உள்ளவருக்கு ரத்தம் ஏற்றும் நாட்களில் நேர நெகிழ்வு தேவைப்படும். மனநல சிகிச்சையில் இருப்பவர் இரவுப் பணியிலிருந்து விலக்கு கேட்கலாம், மருந்தின் மயக்கம் தெளியாத காலை வேளைக்கு ஏற்பப் பணிநேர மாற்றம் கேட்கலாம், ஒரே நேரத்தில் பத்து வாய்மொழி உத்தரவுகள் வராமல் வேலையை எழுத்தில் தரச் சொல்லலாம். கடைசியில் சொன்னதைப் பலர் வசதி என்றே நினைப்பதில்லை. அதுவும் வசதிதான்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. பணியாளர் நலத்துறை 2014 மார்ச் 31 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணையில், ஏற்கெனவே பணியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்து தர வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். சிறப்பு நாற்காலி மேசை, தேவையென்றால் மோட்டார் சக்கர நாற்காலி, மென்பொருள், ஸ்கேனர் போன்றவற்றைத் துறையே வாங்கித் தரலாம், அல்லது ஊழியர் வாங்கியதற்கான செலவைத் திருப்பித் தரலாம். குறைபாடு தொடர்பான தேவைகளுக்கு ஆண்டுக்கு 4 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பும், மாற்றுத்திறனாளிகள் தொடர்பான கருத்தரங்கு, பயிற்சிகளுக்கு 10 நாளும் மத்திய அரசில் உண்டு. மாநில அரசு ஊழியர் இந்தக் குறிப்பாணையை நேரடி உரிமையாகக் கோர முடியாது. ஆனால் “மத்திய அரசு அலுவலகங்களில் இவ்வாறு வழங்கப்படுகிறது” என்று முன்மாதிரியாகக் காட்டலாம், தவறில்லை.

மனு எழுதும் விதம்

கதையாக எழுத வேண்டாம். எத்தனை வருடம் கஷ்டப்பட்டோம், யார் என்ன சொல்லிப் புண்படுத்தினார்கள் என்பதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் இந்த மனுவில் வேண்டாம். அது தனிப் புகார். “கருணை கூர்ந்து”, “தயவுகூர்ந்து இரங்கி” போன்ற சொற்களையும் விட்டுவிடலாம். கருணைக்கு விண்ணப்பித்தால் கருணைதான் கிடைக்கும், அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். மரியாதையாக, சட்டப்பிரிவைச் சொல்லி எழுதினால் போதும். நோயின் முழு வரலாற்றையும் எழுதத் தேவையில்லை, குறிப்பாக மனநலம் சார்ந்த கோரிக்கைகளில். குறைபாடு, பணியில் அதன் விளைவு, தேவைப்படும் மாற்றம், இவை போதும்.

ஒரு மாதிரி:

அனுப்புநர்: (பெயர்), இளநிலை உதவியாளர், ‘அ’ பிரிவு

பெறுநர்: (அலுவலகத் தலைவரின் பதவிப் பெயர்)

பொருள்: பணியமைப்பு – இளநிலை உதவியாளர் – குறைபார்வை – மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 20(2)இன்படி பணியிட வசதிகள் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண் … நாள் …

ஐயா / அம்மையீர்,

நான் மேற்கண்ட பிரிவில் (தேதி) முதல் பணிபுரிந்து வருகிறேன். எனக்குக் குறைபார்வை உள்ளது, சான்று இணைக்கப்பட்டுள்ளது. எனது பணிகளான தபால் பதிவு, வரைவு தயாரித்தல் ஆகியவற்றைத் தடையின்றிச் செய்யக் கீழ்க்கண்ட வசதிகள் தேவைப்படுகின்றன.

1. எனது கணினியில் திரைவாசிப்பான் மற்றும் திரைப் பெருக்கி மென்பொருள் நிறுவுதல்.

2. எனக்கு அனுப்பப்படும் கடிதங்களை ஸ்கேன் படமாக இல்லாமல் யூனிகோடு எழுத்துருவில் மின்கோப்பாக அனுப்பப் பிரிவுகளுக்கு அறிவுறுத்துதல்.

3. கையெழுத்துப் பதிவேடுகள் பராமரிக்கும் பணிக்குப் பதிலாக, அதற்கு இணையான கணினிப் பணியை ஒதுக்குதல்.

வரிசை எண் 2, 3 ஆகியவற்றுக்குச் செலவினம் ஏதும் இல்லை என்பதால் அவற்றை உடனடியாகவும், வரிசை எண் 1ஐ 15 நாட்களுக்குள்ளும் செயல்படுத்த உரிய ஆணை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு மாற்று ஏற்பாடு பொருத்தமெனக் கருதினால் என்னுடன் கலந்து பேசி முடிவெடுக்கக் கோருகிறேன். கோரிக்கையை ஏற்க இயலாத நிலையில், அதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் வேண்டுகிறேன்.

(கையொப்பம், நாள்)

இதில் கடைசி வரிதான் எனக்குப் பிடித்த வரி. ‘இயலாது’ என்று வாயால் சொல்வது சுலபம். 20(2)ஐ மேற்கோள் காட்டிய மனுவின் கீழ் அதே சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட யாரும் அவ்வளவு சீக்கிரம் முன்வர மாட்டார்கள். செலவில்லாதவற்றைத் தனியே பிரித்ததும் காரணத்தோடுதான். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கேட்டால், மென்பொருளுக்கு நிதி வரும்வரை மற்ற இரண்டும் சேர்ந்து காத்துக் கிடக்கும்.

கொடுப்பது, பின்தொடர்வது

மனுவை உரிய வழியாகவே கொடுங்கள். நேரடி மேலதிகாரி மூலம் அலுவலகத் தலைவருக்குப் போகட்டும், முன்நகல் ஒன்றைத் தலைவருக்கு நேரடியாக அனுப்புங்கள். வழியைத் தாண்டிப் போனார் என்பதே ஒரு குற்றச்சாட்டாகிவிடக் கூடாது அல்லவா? தபால் பிரிவில் கொடுத்து இரண்டாம் பிரதியில் முத்திரை, தேதி, வரவு எண் மூன்றையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும்.

15 நாள் கழித்து ஒரு நினைவூட்டுக் கடிதம். அதில் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம், முதல் மனுவின் தேதியும் வரவு எண்ணும் போதும். அப்புறமும் அசைவில்லை என்றால் 10 ரூபாய் செலவில் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். நான்கு கேள்விகள் கேளுங்கள்: என் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்புக் குறிப்பின் நகல்; பிரிவு 21இன்படி இந்த அலுவலகம் வெளியிட்ட சம வாய்ப்புக் கொள்கையின் நகல்; அது மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்யப்பட்ட தேதி; பிரிவு 23இன்படி நியமிக்கப்பட்ட குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் பதவியும். 30 நாளில் பதில் வர வேண்டும். அப்படி ஒரு கொள்கை இருக்க வேண்டும் என்பதே இந்தக் கேள்வி வந்த பிறகுதான் சில அலுவலகங்களுக்குத் தெரியவரும். அதற்குள் உங்கள் மனுவும் தானாக மேசைக்கு வந்துவிடும்.

வழக்கமாக வரும் மறுப்புகள்

“நிதி இல்லை.” சட்டம் அலுவலகத்துக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. அளவுக்கு மீறிய, பொருத்தமற்ற சுமையை ஏற்படுத்தாத மாற்றங்கள்தான் நியாயமான வசதி. ஆனால் அந்தச் சுமையைக் குறிப்பிட்ட ஊழியர், குறிப்பிட்ட கோரிக்கை என்ற அளவில் பார்க்க வேண்டும். ஒரு மேசையைக் கீழே இறக்குவது ஒரு அரசுத் துறைக்கு அளவுக்கு மீறிய சுமை என்று யாரும் வாதிட முடியாது. மின்தூக்கி கட்டுவது பெரிய செலவு என்றால், கட்டும்வரை அந்த ஊழியரின் பிரிவைக் கீழே மாற்றலாமே. மாற்று ஏற்பாட்டை நீங்களே சொல்லி வையுங்கள்.

“விதியில் இடமில்லை.” சட்டப்பிரிவு இருக்கும்போது தனியாக அரசாணை தேடத் தேவையில்லை. “வாடகைக் கட்டடம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்பதும் அடிக்கடி வரும். கட்டடம் யாருடையது என்று சட்டம் பார்க்கவில்லை, யார் வேலை வாங்குகிறார் என்றுதான் பார்க்கிறது.

இவற்றை விட ஆபத்தானது, வசதி என்ற பெயரில் வேலையையே பிடுங்கிக்கொள்வது. “உங்களுக்கு எதுக்குங்க சிரமம், சும்மா உட்காருங்க” என்பார்கள். ஒரு வருடம் சும்மா உட்கார்ந்தால் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது “அனுபவம் இல்லை” என்று எழுதுவார்கள். வேலை ஒதுக்கப்படவில்லை என்றால் வேலை கேட்டு எழுத்தில் கொடுங்கள்.

அலுவலகம் அசையாவிட்டால்

முதல் படி, குறைதீர்ப்பு அலுவலர். பிரிவு 23இன்படி ஒவ்வொரு அரசு நிறுவனமும் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். மத்திய விதிகளின்படி அவர் கெசட்டட் தரத்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 20ஆம் பிரிவு மீறப்பட்டது என்று அவரிடம் புகார் கொடுத்தால், பதிவேட்டில் பதிந்து இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அங்கே திருப்தி இல்லை என்றால் மாவட்ட அளவிலான மாற்றுத்திறனாளிகள் குழுவிடம் போகலாம். தமிழ்நாட்டில் இதற்கான மனுவை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுப்பதே நடைமுறையில் சுலபம்.

அடுத்தது ஆணையர். மாநில அரசு ஊழியருக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், மத்திய அரசு ஊழியருக்கு டெல்லியில் உள்ள முதன்மை ஆணையர். சாட்சிகளை அழைக்க, ஆவணங்களை வரவழைக்க இவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. வழக்கறிஞர் தேவையில்லை, உங்கள் மனு, ஒப்புகை, நினைவூட்டல், ஆர்டிஐ பதில் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி அனுப்பினால் போதும். ஆணையர் பரிந்துரைத்தால், துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை அவருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

ஆனால் ஆணையரால் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. தடையாணை தர அவருக்கு அதிகாரமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பழைய சட்டத்தின் கீழ் வந்த வழக்கு அது. நாளைக்கே விடுவிப்பு என்ற நிலையில் மாறுதல் ஆணை வந்திருந்தால் ஆணையருக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை. மாநில அரசு ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ போக வேண்டும். மத்திய அரசு ஊழியர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். தீர்ப்பாயத்தில் காலவரம்பு உண்டு: ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டு. மேல்முறையீடோ முறையீட்டு மனுவோ கொடுத்துப் பதிலே வரவில்லை என்றால் ஆறு மாதம் பொறுத்து, அதன்பின் ஓராண்டுக்குள். நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பிக்கொண்டே இந்தக் கெடுவைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

இடமாறுதல்

பிரிவு 20(5) மாற்றுத்திறனாளிகளின் பணியமர்த்தல், மாறுதல் குறித்து அரசு கொள்கை வகுக்கலாம் என்கிறது. இங்கே மட்டும் ‘லாம்’. ஆகவே உங்கள் துறையின் மாறுதல் வழிகாட்டு நெறிகளையும் கலந்தாய்வில் தரப்படும் முன்னுரிமையையும் படித்துவிட்டுத்தான் மனு எழுத வேண்டும். மத்திய அரசில் 2014 குறிப்பாணைப்படி மாற்றுத்திறனாளி ஊழியருக்குச் சுழற்சி மாறுதலிலிருந்து விலக்குத் தரலாம், மாறுதல் அல்லது பதவி உயர்வின்போது விரும்பும் இடத்துக்கு முன்னுரிமையும் தரலாம். மாற்றுத்திறனாளி பிள்ளையையோ வாழ்க்கைத் துணையையோ பராமரிக்கும் ஊழியருக்கும் வழக்கமான மாறுதலிலிருந்து விலக்குக் கோர வழி இருக்கிறது.

விருப்ப இடம் கேட்டால் பணிமூப்பு போய்விடும் என்று பயமுறுத்துவது உண்டு. நேத் ராம் யாதவ் எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில் (2022) இப்படித்தான் நடந்தது. மாற்றுத்திறனாளிகளைச் சொந்த ஊருக்கு அருகில் அமர்த்தலாம் என்ற சுற்றறிக்கையின்படி மாறுதல் பெற்ற ஊழியருக்குப் பணிமூப்பைக் கீழே இறக்கினார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு கையால் கொடுத்த பலனை மறு கையால் பறிப்பதற்கு முன் உங்கள் அலுவலகமும் இந்தத் தீர்ப்பைப் படிக்கட்டும்.

மாறுதலுக்கு எதிரான மனுவில் “தூரம் அதிகம்” என்று மட்டும் எழுதினால் அது எல்லாரும் எழுதுவதுதான். புதிய இடத்தில் சாய்தளம் இல்லை, சிகிச்சை பெறும் மருத்துவமனை இங்கே இருக்கிறது, பேருந்தில் இரண்டு முறை மாறி ஏற வேண்டும் என்று குறைபாட்டோடு இணைத்து எழுதுங்கள்.

பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டால்

விபத்து, பக்கவாதம், பார்வை இழப்பு. மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும்போதே யாராவது வந்து, “விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துடுங்க, பென்ஷனாவது வரும்” என்பார்கள். அக்கறையாகவே சொல்வார்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிரிவு 20(4) மிக வலுவானது. பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை வேலையை விட்டு நீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பார்த்து வந்த வேலைக்கு அவர் பொருந்தவில்லை என்றால் அதே ஊதிய விகிதம், அதே பணிப் பலன்களோடு வேறு பணியிடத்துக்கு மாற்ற வேண்டும். அப்படி இடமே இல்லை என்றால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை, அவருக்கென்றே ஒரு மிகைப் பணியிடத்தை உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலக மொழியில் சூப்பர்நியூமரரி போஸ்ட். ஆகவே “காலியிடம் இல்லை” என்ற பதில் இங்கே செல்லாது.

பழைய சட்டத்தில் இதே பாதுகாப்பு 47ஆம் பிரிவாக இருந்தது. குணால் சிங் எதிர் இந்திய ஒன்றியம் (2003) வழக்கில், கால் அகற்றப்பட்ட ஒரு காவலரை மருத்துவக் காரணத்தில் வெளியே அனுப்பியிருந்தார்கள். அவருக்கு இயலாமை ஓய்வூதியம் கிடைக்கிறது என்பதற்காக இந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஏற்கெனவே வெளியே அனுப்பப்பட்டவர்களும் வழக்கறிஞரைப் பார்ப்பது வீண்போகாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். விடுப்பு விண்ணப்பத்தை மருத்துவச் சான்றோடு தவறாமல் நீட்டித்துக்கொண்டே வாருங்கள், உங்களால் முடியாவிட்டால் வீட்டார் மூலமாக. அனுமதியில்லாமல் பணிக்கு வரவில்லை என்று தமிழ்நாடு அரசின் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)இன் கீழ் குற்றக் குறிப்பாணை வர இடம் கொடுக்கக் கூடாது. உடல் ஓரளவு தேறியதும் மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி நீங்களே மனுக் கொடுங்கள். எந்த வேலைகளைச் செய்ய முடியும் என்பதையும் அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ‘தகுதியற்றவர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அறிக்கை வந்தால் அலுவலகம் அங்கேயே நின்றுவிடும். “ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர், அமர்ந்து செய்யும் பணிக்குத் தகுதியானவர்” என்று வந்தால் அடுத்த படி அதிலேயே இருக்கிறது.

மனநோய் விஷயத்தில் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயின் வேகத்தில் நடந்த ஒரு செயலுக்காக ஒழுங்கு நடவடிக்கை வந்திருந்தால், விளக்கக் கடிதத்தில் நோயை மறைக்காதீர்கள். மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், ரவீந்தர் குமார் தாரிவால் தீர்ப்பில் (2021), மனநலக் குறைபாடு உள்ளவர் மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவதே மறைமுகப் பாகுபாட்டின் ஒரு முகம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் மீதான நடவடிக்கைகளை ரத்து செய்து, தற்போதைய பணிக்குப் பொருந்தாவிட்டால் ஊதியம் குறையாமல் மாற்றுப் பணி தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

உத்தரவு வந்த பிறகு

ஆணையைக் கையில் வாங்கியதும் படித்துப் பாருங்கள். “தற்காலிகமாக”, “நிர்வாக நலன் கருதி”, “மறு உத்தரவு வரும்வரை” போன்ற சொற்கள் இருந்தால், 20(2)இன்படி வழங்கப்பட்டது என்று திருத்திக் கேளுங்கள். ஆணையின் நகல் உங்கள் தனிக்கோப்பில் சேர்ந்ததா என்று பாருங்கள். குறைபாடு விவரம் பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். படிகள், வருமான வரிக் கழிவு, பதவி உயர்வு என்று பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவைத்தான் புரட்டுவார்கள்.

கருவிகள் விஷயத்தில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். நாற்காலியும் மென்பொருளும் அலுவலகத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கும், நீங்கள் மாறுதலில் போகும்போது “இது இந்த அலுவலகச் சொத்து” என்று நிறுத்திவிடுவார்கள். பணியிலிருந்து விடுவிக்கும் நாளுக்கு முன்பே, அந்தப் பொருட்களைப் புதிய அலுவலகத்தின் இருப்புக்கு மாற்றச் சொல்லி இரு அலுவலகங்களுக்கும் ஒரே கடிதமாகக் கொடுங்கள். புதிய இடத்தில் பணியேற்பு அறிக்கை கொடுக்கும் அன்றே பழைய ஆணையின் நகலையும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.